பவர் பத்திரத்தை நம்பி முன்பணம் கொடுத்தேன்: கடலூரில் முதல் மனை வாங்கப் போன அனுபவம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பணம் போனதைவிட, ஏமாந்ததை வெளியே சொல்லக் கூசியதுதான் என்னை அதிகம் வாட்டியது. ஆனால் போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் "அக்கா, ஒரு மனைக்கு டோக்கன் போட்டுட்டேன், ஓனர் வெளியூர்ல இருக்காராம், பவர் ஏஜென்ட்தான் எல்லாம் பார்த்துக்கறார்" என்று சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில், கணக்குப் பிரிவில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை, நானும் அம்மாவும்தான். ஏழெட்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. பேங்கில் போட்டால் வட்டி குறைவு, தங்கம் விலை ஏறிவிட்டது, மண்ணில் போட்டால் மண் எங்கேயும் ஓடிப் போகாது என்று எல்லோரும் சொன்னார்கள். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் மனைப் பிரிவு போர்டுகளையே பார்த்துப் பார்த்து, நாமும் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்ற எண்ணம் வந்துவிட்டது.

2021 பிப்ரவரியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஏஜென்ட் அறிமுகமானார். தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் ஒரு லேஅவுட். செம்மண் கொட்டிய ரோடு, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், ஒவ்வொரு கல்லிலும் கறுப்பு மையில் எண். என் மனை எண் 32. 1,500 சதுர அடி, சதுர அடி 420 ரூபாய், மொத்தம் 6,30,000. அந்தக் கல்லின் மேல் கை வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சம்பாதித்து எனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்கப் போகிறேன் என்ற அந்த நினைப்பு பெரிய போதை. அந்த நேரத்தில் யார் என்ன கேள்வி கேட்டாலும் நம் காதில் ஏறாது. அதனால் கேள்விகளையெல்லாம் மனையைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு எழுதினால் மனசு ஒவ்வொரு கேள்விக்கும் தானாகவே ஒரு சமாதானம் சொல்லிவிடும்.

அன்றைக்கே 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்தேன், ரொக்கமாக. ரசீது கேட்டதற்கு லேஅவுட் நோட்டீஸின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மார்ச்சில் அக்ரிமெண்ட். நிலத்தின் உரிமையாளர் ஒரு பெரியவர். அவர் ஏஜென்ட்டுக்கு பொது அதிகாரப் பத்திரம், அதாவது தன் சார்பில் நிலத்தை விற்கும் அதிகாரத்தைத் தரும், நாம் ஜெனரல் பவர் என்று சொல்லும் பத்திரத்தை, எழுதிக் கொடுத்திருந்தார். ஏஜென்ட் அந்த நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. பவரை வைத்துக்கொண்டு மனையாகப் பிரித்து விற்கிறார், பணம் வர வர உரிமையாளருக்குக் கொடுப்பார். நம் பக்கம் இது ரொம்ப சகஜம், இதில் சட்டவிரோதமாக எதுவும் இல்லை. நானும் பவர் பத்திரத்தின் நகலைப் பார்த்தேன், முறையாகப் பதிவு செய்ததுதான். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

100 ரூபாய் பத்திரத் தாளில் ஆறு மாதக் கெடுவுக்கு அக்ரிமெண்ட் போட்டோம். 1,25,000 ரூபாயை ஏஜென்ட்டின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். இன்னொரு 1,50,000 ரூபாயை ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். அம்மாவின் செயினையும் இரண்டு வளையலையும் அடகு வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்தேன். ஆக மொத்தம் மூன்று லட்சம். ஆனால் அக்ரிமெண்டில் எழுதியது 1,50,000 மட்டும். "முழுசா எழுதினா நாளைக்கு இன்கம்டாக்ஸ்ல கேள்வி வரும் மேடம், உங்களுக்குத்தான் தொந்தரவு" என்றார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கினவருக்கு அபராதம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவர் மனம் கோணிவிட்டால் மனை கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான்.

அந்த அக்ரிமெண்டைப் பதிவும் செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்று பிறகுதான் வக்கீல் சொன்னார். சில ஆயிரம் ரூபாய் செலவு என்று பார்த்து நாம் விட்டுவிடுகிறோம். பதிவு செய்திருந்தால் அந்த ஒப்பந்தம் ஈசியில் ஏறியிருக்கும், இன்னொருத்தர் அதே மனையைப் பார்க்க வந்தாலும் என் பெயர் அவர் கண்ணில் பட்டிருக்கும். பதிவு செய்யாத தாளை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவது ரொம்பச் சிரமம் என்றார்.

மே மாதம் இரண்டாவது அலை, முழு ஊரடங்கு. பத்திரப் பதிவு தள்ளிக்கொண்டே போனது. ஜூலையில் போன் செய்தபோது ஏஜென்ட் "பெரியவர் நல்லா இருக்கார், பத்திர ஆபீஸ்லதான் கூட்டம், ஆகஸ்ட்ல முடிச்சிடலாம்" என்றார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா மனையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு மின்கம்பம். அதில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று ஒரு பக்கம் கயிறு அறுந்து காற்றில் மடங்கி மடங்கி அடித்துக்கொண்டிருந்தது. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவரின் படம், கீழே பெயர். அந்தப் பெயரை நான் பவர் பத்திரத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், தகப்பனார் பெயரோடு சேர்த்து. வண்டியை நிறுத்திவிட்டு, மடங்கியிருந்த பக்கத்தைக் கையால் விரித்துப் பிடித்துப் படித்தேன். மறைவு: 2021 ஜூன். கீழே வரிசையாக மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். வெயில் கொளுத்தியது, ஆனால் கையெல்லாம் சில்லிட்டுப் போய்விட்டது.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அதோடு முடிந்துவிடும், முதல்முறை வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஏஜென்ட் போடும் கையெழுத்தை நம்பிக் கிரயம் வாங்கினால் நாளைக்கு வாரிசுகள் கேள்வி கேட்கும்போது நம் கையில் எதுவும் நிற்காது. பவர் எழுதிக் கொடுத்து 30 நாளுக்கு மேல் ஆகியிருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற உயிர்வாழ் சான்றைப் பத்திரப் பதிவின்போது கேட்பார்கள். அந்தச் சான்றை ஏஜென்ட்டே கொண்டு வருவார் என்று விட்டுவிடாதீர்கள். உரிமையாளரை நேரில் பாருங்கள். வெளியூர் என்றால் வீடியோ காலிலாவது பேசி "ஐயா, என்ன விலைக்கு விற்கச் சொல்லியிருக்கீங்க, யாருக்குப் பவர் கொடுத்தீங்க" என்று அவர் வாயால் கேளுங்கள். அப்புறம், ஈசி என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல்தான். ஒருவர் இறந்தது அதில் ஏறாது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதோ, வீட்டுக்குள் நடக்கும் பாகத் தகராறோ, பதிவு செய்யாத உயிலோ எதுவுமே அதில் தெரியாது. "ஈசி கிளீன்" என்ற இரண்டு வார்த்தையை நம்பித்தான் நான் அம்மாவின் செயினை அடகு வைத்தேன்.

அன்றைக்கே விசாரித்துக்கொண்டு பெரியவரின் வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டில் போய்ப் பணம் கேட்கிறோமே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. மூத்த மகன் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு மகன்கள், மூன்று மகள்கள், பெரியவரின் மனைவி. அப்பா பவர் கொடுத்ததே மகள்களுக்குத் தெரியாது. சின்ன மகள் பண்ருட்டியிலிருந்து வந்திருந்தார். "எங்க கையெழுத்தை யாரும் கேட்கவே இல்லைங்க, எங்களுக்கும் பங்கு உண்டுதானே" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் துளிகூடத் தப்பு இல்லை. பெரியவர் சுயமாகச் சம்பாதித்த நிலம் என்றால், உயில் எழுதாமல் இறந்தபோது மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் சம பங்கு. பரம்பரைச் சொத்து என்றால் அவர் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே மகள்களுக்கும் பங்கு தரச் சட்டம் வந்தது, 2005ல் மத்தியச் சட்டத்தையும் திருத்தினார்கள். ஆனாலும் "பொம்பளப் புள்ளைங்களுக்குக் கல்யாணத்துலயே செஞ்சாச்சு" என்று சொல்லி மகள்களின் கையெழுத்து இல்லாமலேயே விற்பது இன்னும் நடக்கிறது. விற்பவர் குடும்பத்தில் ஒரு மகளின் பெயர் விடுபட்டிருந்தாலும் அந்த மனையை விட்டு விலகிவிடுங்கள், அல்லது அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரும்வரை காத்திருங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. வாரிசுகள் ஆறு பேரும் சேர்ந்து எனக்குக் கிரயம் செய்து தர வேண்டும் என்றால் முதலில் அவர்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். அது நடக்கவில்லை. ஏஜென்ட் முதலில் போனை எடுத்தார், பிறகு எடுக்கவில்லை, பிறகு நம்பரே மாறியது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தவளக்குப்பம் தாண்டும்வரை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுத நாட்கள் உண்டு. அம்மாவிடம் ஏழு மாதம் சொல்லவே இல்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கு அம்மா வெறும் கழுத்தோடு வந்தார், யாரோ கேட்டதற்கு "செயின் அறுந்துடுச்சு, பத்த வைக்கக் கொடுத்திருக்கேன்" என்று எனக்காகப் பொய் சொன்னார். மனை வாங்குவதற்காக அடகு வைத்தேன் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். சொன்ன பிறகு அவர் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு ஏஜென்ட் இறங்கி வந்தார், ஆனால் அக்ரிமெண்டில் எழுதியிருந்த 1,50,000 மட்டும்தான் தருவேன் என்றார். நான்கு தவணையாகக் கொடுத்தார். மீதி ரொக்கத்துக்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. பெரியவரின் மூத்த மகன், அப்பா கைக்கு 40,000 வந்தது உண்மைதான் என்று சொல்லி, அதைத் தன் கையிலிருந்து 2023 ஜூலையில் திருப்பிக் கொடுத்தார். அவர் கொடுத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆக 1,10,000 போனது போனதுதான். நகைக் கடன் வட்டி 27,000, வக்கீலுக்கு 12,000. கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம், இரண்டேகால் வருடம். கடன் வாங்கி, அதுவும் வட்டி ஓடும் நகைக் கடன் வாங்கி மனையில் போடாதீர்கள். மனை மாதாமாதம் ஒரு பைசா தராது. வட்டி மட்டும் மாதாமாதம் ஏறும். அவசரத்துக்கு விற்கலாம் என்றாலும் நாம் நினைக்கும் நாளில் மனைக்கு ஆள் வராது.

சரி, இத்தனைக்குப் பிறகும் நான் மனை வாங்கினேன். 2024 தொடக்கத்தில், வேறொரு இடத்தில், 1,200 சதுர அடி, 7,80,000 ரூபாய். இந்த முறை என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த மனையின் சர்வே எண்ணை வாங்கி, பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதல் ஈசி பார்த்தேன், பார்ப்பதற்குக் காசு இல்லை. அந்த ஈசியிலேயே பக்கத்து மனைகள் என்ன விலைக்குப் பதிவாகியிருக்கின்றன என்பதும் தெரியும். பலர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குத்தான் பதிவு செய்வார்கள் என்பதால் அதுவே சந்தை விலை இல்லை, ஆனால் ஏஜென்ட் சொல்வது எவ்வளவு ஏற்றம் என்று ஓரளவு பிடிபடும். தாய்ப் பத்திரங்களின், அதாவது அந்த நிலத்தின் முந்தைய பத்திரங்களின், நகல்களை வாங்கி, ஏஜென்ட் கைகாட்டிய வக்கீலிடம் போகாமல், நானே தேடிப் பிடித்த வக்கீலிடம் கொடுத்தேன். பத்திரத்தின் அசல் கையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்தேன். அசல் இல்லை, நகல்தான் என்றால் அது எங்கேயாவது அடமானத்தில் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் கிராம நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்த எண் பட்டா நிலம்தானா, புறம்போக்கோ கோயில் நிலமோ தலித் மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமோ இல்லையே என்று கேட்டேன். அவர் முதலில் "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா" என்றார். இல்லை சார், நான்தான் வாங்குகிறேன் என்றேன். பிறகு பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"அப்ரூவ்டு" என்று போர்டில் எழுதியிருந்தால் எண்ணைக் கேளுங்கள். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இரண்டையும் இணையத்தில் சரிபார்க்கலாம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒன்றைச் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். அனுமதியில்லாத மனைகளில் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றுக்குத்தான் வரன்முறைப்படுத்தும் வழி கொடுத்தார்கள், அதற்குப் பிறகு பிரித்தது என்றால் பத்திரப் பதிவிலேயே மாட்டிக்கொள்ளும். நம் பக்கம் இன்னொரு சிக்கல், பாகூர் பக்கமெல்லாம் இந்த ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி என்று மாறி மாறி வரும். மனை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு அலுவலகம், கட்டணம், பட்டா பார்க்கும் இணையதளம் எல்லாமே வேறு. அளவும் அப்படித்தான். ஒருவர் குழியில் சொல்வார், ஒருவர் சென்ட்டில் சொல்வார், பட்டாவில் ஏர்ஸில் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் 100 சதுர மீட்டர். எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். எனக்கு அளந்தபோது கல் ஓர் அடி உள்ளே தள்ளி நட்டிருந்தது, பத்திரத்துக்கு முன்பே என்பதால் பேசி நகர்த்த முடிந்தது.

மனை விலையோடு பட்ஜெட் முடியாது. இப்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். என் 7,80,000க்கு அதுவே 70,200 ஆனது. முழு விலையையும் பத்திரத்தில் எழுதச் சொன்னேன், முழுப் பணத்தையும் வங்கி வழியாகக் கொடுத்தேன். குறைத்து எழுதினால் இன்றைக்குச் சில ஆயிரம் மிச்சம்தான், ஆனால் நாளைக்கு விற்கும்போது நாம் வாங்கிய விலையே குறைவாகத் தெரியும், லாபம் பெரிதாகத் தெரியும், அதற்கு வரி கட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இப்போது அந்த லாபத்துக்கு 12.5 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை. எனக்கு அது கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கும். பதிவோடு நிறுத்திவிடாமல் பட்டா மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்ததால் எனக்கு நான்கு மாதம் ஆனது.

கடைசியாக ஒன்று, தண்ணீர். முதல் மனையை நான் பார்த்தது மாசி மாதம், தரை பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. இரண்டாவது மனையை ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் 2015 வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டேன். "ரோட்டோரம் கணுக்கால் அளவு நின்னுச்சு பாப்பா, ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சு" என்று சொல்லி, தன் காலைத் தொட்டுக் காட்டினார். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது ரோடு திறந்த அன்றைக்கே போய்ப் பார்த்தேன். அந்த அம்மா சொன்ன அளவுதான் தண்ணீர். திரும்பும் வழியில் பழைய லேஅவுட் பக்கமும் வண்டியை விட்டேன். ரோட்டின் மேட்டில் நின்று பார்த்தால் செம்மண் ரோடும் தெரியவில்லை, ஒரு கல்லும் தெரியவில்லை. 32 எங்கே இருந்தது என்று கைகாட்டக்கூட முடியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பு நிறத் தண்ணீர்தான் நின்றது.